வாசனை இல்லாத படுக்கை

அந்த விடுமுறை நாள் காலையில் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: நாற்காலியில் அப்பா. சுவரோரம் தரையில், துவைத்த துணிக் குவியலோடு அம்மா. நின்றபடி அண்ணன், பஞ்சாயத்து என்று வந்துவிட்டால் அவன் உட்காரமாட்டான். சமையலறை வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே அண்ணி. எல்லாருக்கும் எதிரே, துளை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சின்னவள். கூடைக்குள் இரண்டு கினிப்பன்றிகள். வேலை எதுவும் செய்யாமல் பசி வந்தால் மட்டும் கத்துவதால் ஒன்றுக்கு மேனேஜர் என்று பெயர். கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விடுவதால் இன்னொன்று கேஷியர். இரண்டு பெயரும் அண்ணன் வைத்தவை.

மேனேஜர் இப்போது கத்தவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கிலிருந்து 'க்ளிக், க்ளிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கூடத்தின் நடுவில் இரண்டும் நேற்றுவரை இருந்த கூண்டு காலியாக நின்றது. கூண்டு என்று சொன்னால் அண்ணனுக்குக் கோபம் வரும். தேக்குச் சட்டம், முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மற்ற மூன்று பக்கமும் பலகை, கதவின் விளிம்பில் கொடி வேலைப்பாடு, பித்தளைக் கீல். முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் வார்னிஷ். உள்ளே கணுக்கால் ஆழத்துக்குத் தேவதாரு மரச்சீவல், இழைப்புளியில் இருந்து சுருள் சுருளாக விழுந்தது, பட்டறையின் உயர்ந்த சரக்கு. கதவைத் திறந்தால் கூடம் முழுக்க மணக்கும்.

கீழே பட்டறை, மேலே வீடு. கட்டில், பீரோ, கதவு, நிலை எல்லாம் செய்வார்கள். பழைய அலமாரிக்குப் பாலிஷ் போடக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர், "வெளியூர் போய்ட்டு வந்து வாங்கிக்கிறேன், இதுங்களையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று அலமாரியோடு கினிப்பன்றிகளையும் விட்டுப் போனவர்தான். அலமாரிக்காகக்கூட அவர் திரும்பி வரவில்லை. சின்னவளுக்கு அவற்றைப் பிடித்துப்போனது. அவளுக்குப் பிடித்ததைப் பார்த்து, மூன்று மாத இருமலில் துவண்டு கிடந்தவள் சிரிப்பதைப் பார்த்து, அண்ணன் தன் கையாலேயே இந்தக் கூண்டைச் செய்தான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றான் அண்ணன். "என்கிட்ட சொன்ன மாதிரியே. கூட்டாம, குறைக்காம."

"சொன்னேனே. இந்தச் சீவல் ஆகாது. தேவதாரு, பைன் ரெண்டுமே ஆகாது. அந்த வாசனைதான் விஷம். மூச்சுக்குழாய் புண்ணாகிடும். அடைச்ச பெட்டியும் ஆகாது. வார்னிஷும் ஆகாது."

"பின்ன என்னதான் ஆகும்?"

"காத்து."

சமையலறை வாசலில் இருந்து அண்ணி சிரித்தாள். "காத்துல படுக்கிற எலியை இப்பதான் கேள்விப்படுறேன். நமக்கே பாய்தான். இதுக்கு ஆகாயத்துல மெத்தையா?"

"எலி இல்ல அண்ணி."

"பெருச்சாளின்னு வச்சுக்கோ. பன்னின்னு வச்சுக்கோ. எதுவா இருந்தா என்ன, நம்மளவிட ஒசத்தியா?"

அப்பா தொண்டையைச் செருமினார். அவர் செருமினால் மற்றவர்கள் வாயை மூடுவது வழக்கம்.

"பொறந்ததுல இருந்து நீங்க ரெண்டு பேரும் இந்த வாசனையிலதான் வளந்தீங்க" என்றார். "தொட்டில்ல வச்ச தலைகாணிக்குள்ள பஞ்சா இருந்துச்சு? இந்தச் சுருளைத்தான் அடைச்சுத் தைச்சா உங்கம்மா. பூச்சி வராது, சளி பிடிக்காதுன்னு. செத்தா போய்ட்டீங்க?"

அம்மா ஒரு போர்வையை மடித்தபடி தலையாட்டினாள். இந்த வீட்டில் எது நல்லது எது கெட்டது என்பதை மூக்குதான் தீர்மானிக்கும். மணக்கிற மரம் நல்ல மரம். மணக்கிற துணி துவைத்த துணி. மணக்கிற பிள்ளை வளர்ந்த பிள்ளை. ஒரு மாட்டு டாக்டர் வந்து வாசனையே விஷம் என்று சொன்னால், குடும்பத்தின் முகத்தில் காறித் துப்பியது போலத்தான்.

மாட்டு டாக்டர் இல்லை, சின்ன மிருகங்களுக்கான டாக்டர். சின்னவளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். நேற்றுச் சின்னவள் கூடையைக் கொண்டுபோனபோது, ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே மேனேஜரின் நெஞ்சில் குழாயை வைத்தாள். "எதுல படுக்க வைக்கிறீங்க?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் ரொட்டியைக் கீழே வைத்தாள். பிறகு மூன்று பக்கம் அடைத்த பெட்டியைப் பற்றிக் கேட்டாள், வார்னிஷைப் பற்றிக் கேட்டாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவளுக்கு இருமல் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முடிகிற வரைக்கும் இருமினாள்.

"ஏங்க, நீங்களும் அதுலதான் படுக்கிறீங்களா?" என்றாள் டாக்டர்.

விளையாட்டாகக் கேட்டதுதான். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டறையில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது. பாலிஷ் அறை. ஈர வார்னிஷில் தூசி ஒட்டக்கூடாது என்பதால் அதற்கு ஜன்னல் கிடையாது, மின்விசிறி கிடையாது, கதவைத் திறந்து வைக்கக்கூடாது. படிப்பை நிறுத்தியதிலிருந்து அவள் அங்கேதான் வேலை செய்கிறாள். மூன்று பக்கம் சுவர், முன்னால் ஒரு கதவு. அண்ணன் எதைப் பார்த்து அந்தக் கூண்டைச் செய்தான் என்பது டாக்டரின் மேசை முன்னால் நிற்கும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. அவனுக்குத் தெரிந்த நல்ல அறை அதுதான்.

அவளுடைய இருமலுக்கு வீட்டில் காரணங்கள் நிறைய இருந்தன. ஈரத் தலையோடு படுத்தது. ஐஸ் தண்ணி. ராத்திரியெல்லாம் போனைப் பார்ப்பது. நேரத்துக்குச் சாப்பிடாதது. கல்யாணம் ஆகாதது என்றுகூட அம்மா ஒரு தடவை சொன்னாள். தூசி என்றோ, வார்னிஷைக் கரைக்கும் தின்னர் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. அவள் இருமலைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டில் 'ஓய்வு' என்று எழுதியதால் கீழே போகாமல் இருந்தாள். அந்த ஓய்வு முடியப்போகிறது. ஒரு தங்கும் விடுதிக்குக் கட்டில் தலைப்பலகைகள் செய்து அடுக்கி வைத்திருந்தான் அண்ணன். அத்தனையும் பாலிஷுக்குக் காத்திருந்தன. நாளைக் காலையில் அவள் இறங்கியாக வேண்டும்.

ஆகவே கூடத்தில் நடந்த பஞ்சாயத்து கினிப்பன்றியைப் பற்றியது மட்டும் கிடையாது. இரண்டு கை அகலமுள்ள பிராணிக்கு அந்தக் கூண்டு ஆகாது என்று ஒத்துக்கொண்டால், சின்னவளுக்கு அந்த அறை ஆகும் என்று எந்த வாயால் சொல்வது? அண்ணனுக்கு அது தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் ஒரு கூண்டுக்காக இத்தனை பேர் கூடியிருந்தார்கள்.

"சரி, நான் ஒண்ணு சொல்றேன்" என்றான் அண்ணன், பெருந்தன்மையாக. "பழைய சீவலைக் கொட்டிடுறேன். புதுசா இழைச்சுப் போடுறேன். பழசுல பூஞ்சை இருந்திருக்கும். நீ நாளைக்குக் கீழ வா. எலிங்க இங்கயே இருக்கட்டும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"புதுசு இன்னும் மோசம். புதுசுலதான் வாசனை அதிகம்."

"வாசனை, வாசனை, வாசனை!" அப்பா நாற்காலியின் கையைத் தட்டினார். "மரத்தைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றியா? பலகையை மூக்குகிட்ட கொண்டுவந்தா எந்த மரம், எந்த வயசு, எந்தப் பக்கம் வெட்டினதுன்னு சொல்லுவேன். எனக்குத் தெரியாதா எது மனுஷனுக்கு ஆகும், எது ஆகாதுன்னு?"

சின்னவள் கூடையைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கூண்டின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்தாள். திரும்பி வந்தபோது இரண்டு கையும் இறுக மூடியிருந்தது. இரண்டையும் அப்பாவின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"ஒரு கையிலதான் சீவல் இருக்கு. எதுலன்னு சொல்லுங்க."

அப்பா கையை நீட்டினார்.

"கை வேணாம்பா. மூக்கு மட்டும்."

"என்னடி விளையாட்டு இது?" என்றாள் அம்மா. அவள் குரலில் பயம் இருந்தது. ஏனென்றால் அது அவளுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். பட்டறையைப் பெருக்குகிறவனுக்குக்கூடத் தெரியும். அப்பாவின் மூக்கு செத்துப் பல வருஷம் ஆகிறது. பலகையை முகத்துக்குக் கொண்டுபோவார், கண்ணை மூடுவார், இழுப்பார். அதற்குள் விரல்கள் ரேகையைத் தடவி, கை எடையைப் பார்த்து, பதிலைச் சொல்லிவிடும். பதில் எப்போதும் சரியாக இருக்கும். ஆகவே அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

அப்பா முகர்ந்தார். இடது கையை. வலது கையை. திரும்பவும் இடது கையை. கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"இது" என்று இடது கையைக் காட்டினார்.

சின்னவள் விரித்தாள். வெறும் உள்ளங்கை. வலது கையை அவள் விரிக்கவில்லை, விரிக்கத் தேவையில்லை. விரல் இடுக்கில் இருந்து இரண்டு சுருள் தானாக அவர் மடியில் விழுந்தது.

"போதும்டி" என்றாள் அம்மா.

"அப்பாவை அசிங்கப்படுத்திட்டே" என்றான் அண்ணன். அவன் முகம் சிவந்திருந்தது. "எல்லார் முன்னாடியும்."

"நான் என்ன பண்ணேன்? அவர் மூக்கு எங்க போச்சுன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? எது தின்னுச்சு அதை?"

அப்பா தன் மடியில் விழுந்த சுருளை எடுத்து விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டால் நாளைக்குக் கீழே இறங்க வேண்டும். அதனால் கேட்கவில்லை.

"வீட்டைவிட்டு வெளிய போ" என்றான் அண்ணன், வாய் தவறி.

"வெளிய எதுக்குப் போறேன்? மேல போறேன்."

கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறை, மாதிரிப் பலகைகளும் கால் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைக்கிற இடம். அன்று சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டாள். நடுநடுவே உட்கார்ந்து இருமினாள். ஈரத் துணியால் சுவரைத் துடைத்தாள், ஜன்னல் கம்பியைத் துடைத்தாள், தரையை மூன்று வாளி தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். இரண்டு ஜன்னல். எதிரும் புதிருமாக. ஒன்றைத் திறந்தால் மற்றதன் வழியாகக் காற்று ஓடியது.

மறுநாள் காலையில் அவள் பட்டறைக்கு இறங்கவில்லை. கூண்டு செய்ய இறங்கினாள், அதுவும் தெருவுக்கு.

கம்பிச் சட்டங்கள் கிடைத்தது அதிர்ஷ்டம். மூலைக் கடையில் காலுறை தொங்கவிடும் சதுரச் சதுரமான கம்பித் தட்டிகளைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். கடையை மாற்றி அமைக்கிறார்களாம். "எடுத்துட்டுப் போறதா இருந்தா புண்ணியமாப் போகும்" என்றார் கடைக்காரர். "எதுக்கு, கோழிக்கா?" ஆமாம் என்றாள், கினிப்பன்றி என்று விளக்கப் பொறுமை இல்லை. ஒன்றோடு ஒன்று பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கினாள். நீளம் ஆள் படுக்கும் அளவு. மேலே திறந்தே விட்டாள், இதுகள் ஏறிக் குதிக்கிற ஜாதி இல்லை. தட்டியைத் தரைக்கும் போடலாம் என்று தோன்றியது, சுத்தம் செய்யச் சுலபம். கம்பி மேல் நடந்தால் பாதம் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று விட்டாள்.

தரைக்கு ஈரம் இறங்காத ஏதாவது வேண்டும். பலகை என்ற பேச்சுக்கே இடமில்லை. பட்டறையின் பின்பக்கம், ஒதுக்கிப் போட்ட விளம்பரப் பலகை ஒன்று மழையில் கிடந்தது. மரம் இல்லை, உள்ளே குழல் குழலாக ஓடும் பிளாஸ்டிக் அட்டை. அண்ணன் தன் படத்தைப் போட்டு அடிக்கக் கொடுத்தது. அடித்தவன் படத்தை அகலத்துக்கு இழுத்துவிட்டான். அண்ணனின் முகம் இரட்டைக் கதவு போல விரிந்து, காது இரண்டும் ஓரத்தில் தனித்தனியாகத் தொங்கியது. அவன் அதைப் பார்த்த அன்று யாரும் அவனிடம் பேசவில்லை.

அவள் அதை மாடிக்கு இழுத்துப் போய்க் கழுவினாள். சுற்றிலும் ஒரு சாண் விட்டுக் கத்தியால் பாதி ஆழத்துக்குக் கீறி, மடக்கி நிமிர்த்தி, மூலைகளை ஒட்டினாள். பெரிய தாம்பாளம் போல வந்தது. அண்ணனின் முகம் மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். கீழே கவிழ்த்தாள். அந்த அளவுக்கு இறங்க வேண்டாம் என்று பட்டது.

படுக்கைதான் பாடாய்ப் படுத்தியது. செய்தித்தாள் போட்டுப் பார்த்தாள்; கேஷியர் ஒரு மணி நேரத்தில் அதைக் கூழாக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது, வெள்ளை வயிறு கறுப்பாகிவிட்டது. கடையில் பூனைக்கு விற்கும் மணலை எடுத்துக் கொடுத்து, "ஈரம் பட்டா அப்படியே கட்டியாயிடும், அள்ளிப் போட்டுடலாம்" என்றான் விற்பவன். வாயில் பட்டால் வயிற்றுக்குள்ளும் கட்டியாகும்தானே என்று கேட்டாள். அவன் வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். வைக்கோல் வேண்டாம், கண்ணில் குத்தும். துவாலை விரித்தாள்; துவாலையின் நூல் வளையத்தில் மேனேஜரின் நகம் சிக்கி, அது கத்திய கத்தலில் கீழே பட்டறையில் இழைப்பு நின்றது.

கடைசியில் பிடித்தது மெல்லிய செயற்கைக் கம்பளிப் போர்வை, நூல் பிரியாது, வளையம் கிடையாது. அதை மேலே விரித்து, கீழே உறிஞ்சுவதற்குப் பழைய துவாலைகளை அடுக்க வேண்டும். ஈரம் மேல் துணியில் தங்காமல் கீழே இறங்கிவிட வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் இறங்கவில்லை. முத்து முத்தாகப் போர்வையின் மேல் உருண்டு விளையாடியது.

துவைத்தாள். ஊற்றினாள். உருண்டது. துவைத்தாள். ஊற்றினாள். உருண்டது. மூன்றாவது தடவை போர்வையை முகத்தருகே கொண்டுபோனபோதுதான் விஷயம் புரிந்தது. மல்லிகை வாசனை. கொடியில் காயப்போட்டதை அம்மா எடுத்துப்போய், கடைசி அலசலில் வாசனைத் தைலம் விட்டு, மறுபடியும் கொண்டுவந்து காயப்போட்டிருக்கிறாள். அந்தத் தைலம் நூலின் மேல் எண்ணெய் போலப் படிந்து தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது.

"அம்மா! இதுல எதுக்கு ஊத்தினே?"

"வாசனை போடாமத் துவைச்சா அது துவைச்சதாடி? நனைச்சது." அம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "பாவம், வாயில்லாத ஜீவன். நல்லதுல படுக்கட்டுமேன்னு..."

"இனிமே என் துணியைத் தொடாதே."

"உன் துணியா, எலித் துணியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு இறங்கிப் போனாள். சின்னவள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, வெறும் சோப்புத்தூளில், பிறகு வெறும் சுடுதண்ணீரில், கை சிவக்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அலசினாள். கடைசியில் போர்வைக்கு எந்த வாசனையும் இல்லாமல் போனது. காய்ந்ததும் விரித்து டம்ளரைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு நொடி நின்று, சட்டென்று காணாமல் போனது. கையை வைத்துப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது. கீழே துவாலை நனைந்திருந்தது. இன்னொரு டம்ளர் ஊற்றினாள், தேவையே இல்லாமல், பார்ப்பதற்காக.

ஒரு பக்கம் காய்ந்த புல்லைக் கட்டுக் கட்டாகக் குவித்தாள். அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி ஒளிந்துகொள்ள இடம் வைத்தாள். இரண்டையும் உள்ளே விட்டாள். கேஷியர் புல்லை வாய் கொள்ளாமல் இழுத்துக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. மேனேஜர் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தது.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தும் போய்க்கொண்டிருந்தது. சில நாளில் மேனேஜரின் மூக்குச் சத்தம் குறைந்தது, பிறகு நின்றது, பிறகு ஒரு காலையில் 'வீக், வீக்' என்று தெருவுக்கே கேட்கும்படி தீனி கேட்டது. அது பிழைத்தது மருந்தாலா, துணியாலா, காற்றாலா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டான்.

"மருந்துல சரியாச்சு" என்றான். அறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள், அவன் தலைமுடியிலும் புருவத்திலும் மரத்தூள். "சீவல்ல ஒண்ணும் இல்ல. சரி, அதை விடு. இதைப் பாரு."

கையில் ஒரு முகமூடி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் வடிகட்டி டப்பா வைத்த, பட்டாளத்துக்காரன் போடுவது போன்ற முகமூடி. புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது எதுக்கு?"

"உனக்குத்தான். போட்டுக்கிட்டு வேலை பாரு."

"தூசியில ஒண்ணுமே இல்லைன்னியே. தின்னர்ல ஒண்ணுமே இல்லைன்னியே. ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு முகமூடி?"

"நீ கேக்கறியேன்னு வாங்கினேன்."

"நான் முகமூடி கேக்கலையே. அந்த அறைதான் என்னை இப்படி ஆக்குச்சுன்னு உன் வாயால சொல்லு. சுவரை உடைச்சு ஜன்னல் வை. அப்புறம் பேசலாம்."

"ஜன்னல் வச்சா தூசி வந்து ஒட்டும். ஒரு பலகை தேறாது. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பலகைக்கு ஆகாததை என் நெஞ்சு இழுத்துக்கணும். அதானே?"

அவன் முகமூடியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "விடுதிக்காரன் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறான். நீ வரலேன்னு உங்க அண்ணிதான் பூசிக்கிட்டு இருக்கா. தெரியுமா? காலைல போனா சாயங்காலம்தான் வெளிய வர்றா. உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

இது அவளுக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் ஆடித்தான் போனாள். அண்ணி அந்த அறைக்குள். கதவை மூடிக்கொண்டு. அடுத்த நிமிஷம் அவளுக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் தன்னை இறக்குவதற்கென்றே செதுக்கி எடுத்து வந்த கொக்கி அது என்று தெரிந்தது.

"நீ பூசேன்" என்றாள்.

"நானா?"

"ஆமா. உன் பட்டறை. உன் ஆர்டர். உனக்குக் கை இல்லையா?"

"எனக்கு அந்த அறைக்குள்ள போனா தலை சுத்தும்" என்றான் அண்ணன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. மேனேஜர் புல்லைக் கடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"ஏன் சுத்துது?" என்றாள் சின்னவள், ரொம்ப மெதுவாக. "ஈரத் தலையோட படுத்தியா? ஐஸ் தண்ணி குடிச்சியா?"

"வாய் ரொம்ப நீளமாயிடுச்சு உனக்கு."

"மூச்சுதான் குட்டையாயிடுச்சு. வாய் அப்படியேதான் இருக்கு."

அவன் முகமூடியை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினான். அவள் அதைத் தொடவில்லை. அவளை இறங்க வைக்க அதற்கப்புறம் யாரும் மேலே வரவில்லை. சாப்பாடு மட்டும் வந்தது. அப்பா கீழே பலகைகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் முகத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று அம்மா தட்டை வைத்தபடி சொன்னாள். குற்றம் சாட்டுகிற மாதிரி சொன்னாள். "நேரா தடவியே சொல்லிடுறார்."

"சரியாச் சொல்றாரா?"

"அதெல்லாம் சரியாத்தான் சொல்றார்."

"அப்ப என்ன?"

அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் குந்தி, போர்வையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். முகர்ந்தாள். "ஒண்ணுமே இல்லையே" என்று முனகிக்கொண்டே போனாள்.

இரண்டு நாள் கழித்து, வெயில் சாய்கிற நேரம், யாரோ படியேறும் சத்தம் கேட்டது. நாலு படி ஏறி நின்றது. பிறகு நாலு படி. அம்மா இப்படி ஏறமாட்டாள். சின்னவள் கதவைத் திறந்தாள்.

அண்ணி கடைசிப் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைகள் முழங்கை வரைக்கும் பழுப்பாக இருந்தன. முன்னால் கட்டியிருந்த சாக்குத் துணி வார்னிஷில் விறைத்துப் பலகை மாதிரி நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல், கையால் 'இரு' என்று காட்டிவிட்டு மூச்சை இழுத்தாள். அந்த இழுப்பின் அடியில் ஒரு விசில் இருந்தது. சின்னவளுக்கு அந்த விசிலை நன்றாகத் தெரியும்.

"எலியைப் பாக்க வந்தேன்" என்றாள் அண்ணி, ஒருவழியாக.

"நீங்க எலியைப் பாக்க வர்ற ஆளா?"

"வரக்கூடாதா? அதுங்களுக்கு மட்டும்தான் காத்தா?" சிரிக்கப் பார்த்தாள், அது இருமலில் போய் முடிந்தது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. "ரெண்டு கோட்டு வார்னிஷ் போட்டேன். மூணாவதுக்குக் கதவைச் சாத்தினேனா, சுவரெல்லாம் கிட்ட வர்ற மாதிரி இருந்துச்சு. பிரஷ்ஷைப் போட்டுட்டு வந்துட்டேன்."

"போட்டுட்டுன்னா?"

"தரையில. முடியெல்லாம் தரையோட ஒட்டியிருக்கும் இந்நேரம்." அண்ணியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு குறும்பு வந்தது. "நல்ல பிரஷ்ஷு."

கீழே இருந்து அண்ணனின் குரல் வந்தது. "ஏய்! பலகை பாதியில காயுது! எங்க போய்ட்டே?"

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. சின்னவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவள் அவளை உள்ளே வா என்று கூப்பிட்டதும் இல்லை, அண்ணி கேட்டதும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டதே குறைவு, கிண்டல்தான் ஓடும்.

"அதோட உள்ள வரக்கூடாது" என்றாள் சின்னவள், சாக்குத் துணியைக் காட்டி.

அண்ணி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். வார்னிஷில் ஒட்டிக்கொண்டு அவிழவில்லை. சின்னவள் பின்னால் போய், இரண்டு கையாலும் பிடித்து, நூல் தெறிக்கும்படி இழுத்து அறுத்தாள். அண்ணி அதை அப்படியே படிக்கட்டில் கீழே எறிந்தாள். அது ஒவ்வொரு படியாக டக், டக் என்று மோதிக்கொண்டு இறங்கியது.

"கையைக் கழுவுங்க. முகத்தையும். தலையை உதறுங்க, அந்தப் பக்கமா, காத்து போற பக்கமா."

"எலியை உள்ள விடுறதுக்கும் இவ்வளவு சட்டம் போட்டியா?"

"இதைவிட ஜாஸ்தி."

அண்ணி குழாயடியில் உட்கார்ந்து கழுவினாள். கீழே காலடிச் சத்தம் முதல் படிக்கு வந்துவிட்டது. அண்ணன் சாக்குத் துணியைப் பார்த்திருக்க வேண்டும்; சத்தம் அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு ஏறத் தொடங்கியது, வேகமாக.

"அவர் வர்றார்" என்றாள் அண்ணி, ஈர முகத்தோடு.

"வரட்டும்."

"திட்டுவார்."

"திட்டட்டும். வெளிய நின்னு திட்டட்டும். காத்து அந்தப் பக்கம்தான் போகுது."

அண்ணி உள்ளே வந்து, கூண்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இரண்டு ஜன்னலுக்கும் நடுவில். சின்னவள் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். சாவியையும் திருப்பினாள்.